காற்றா, குருதியா?

ஆண்குறி விறைப்பது எதனால்? உடலினுள் ஓடும் ஒருவகைக் காற்றே அதனை ஊதிப் பெரிதாக்குகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் எண்ணினர். ஐரோப்பாவில் இக்கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது. 1500-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி இதனை மறுத்தார். தூக்கிலிடப்பட்டோரின் விறைத்த உறுப்பில் குருதியே நிறைந்திருந்ததை அவர் குறித்து வைத்தார். ஆனால் அக்குறிப்புகள் பல நூற்றாண்டுகள் அச்சேறவில்லை.

டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் பிணத்தின் தமனியில் நீரைச் செலுத்திப் பார்த்தார். உறுப்பு விறைத்தது! 1668-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அழுத்தமே காரணம் என்பதற்கு இதைவிட எளிய சோதனை வேண்டுமா? கடற்பஞ்சு போன்ற இரு தண்டுகளில் குருதி பாய்ந்து நிறைகிறது. அவை உப்பும்போது வெளியேற்றும் சிரைகள் நசுங்கி, வழி அடைபடுகிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும், விறைப்புக் குறைபாடு பெரும்பாலும் மனக்கோளாறே என்று 1970-களிலும் மருத்துவர்கள் பலர் கருதினர். 'எல்லாம் உன் மனத்தில்தான்' என்று கேட்டுத் திரும்பிய நோயாளிகள் எத்தனை பேரோ! 1983-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பிரிட்டிஷ் உடலியலறிஞர் கைல்ஸ் பிரிண்ட்லி, தமக்கே மருந்தை ஊசியால் செலுத்திக்கொண்டு வந்து, விளைவை அவையோருக்கு நேரில் காட்டினார். அவை திகைத்தது. அது முறையா என்பது வேறு. குழாய்த் தசை தளர்ந்தால் போதும் என்பது ஐயமின்றி விளங்கிற்று.

அத்தசையைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு. குருதிக் குழாய்களில் இதன் பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வாண்டே, முதலில் நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாபில் மருந்து, வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்வோர் இதனைத் தொடவே கூடாது. குருதி அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும்.

இனி, நம் பாடநூலிலுள்ள பாய்சேய் விதியை நினைவு கூர்வோம். மற்றவை மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகும். நீரிழிவும் புகைப்பழக்கமும் உடலெங்குமுள்ள தமனிகளைக் கெடுக்கின்றன. ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை. ஆகவே நெஞ்சுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இங்குக் குறை தெரியக்கூடும். இக்குறையைச் சொல்லி வருபவரிடம் மருத்துவர் சர்க்கரை, கொழுப்பு, குருதி அழுத்தம் ஆகியவற்றைச் சோதிப்பது இதனால்தான்.