பார்த்திய நாணயங்கள் உரைக்கும் வரலாறு

மன்னர் பெயர்களையும் போர்க்களங்களையும் அடுக்கிச் சொல்வதே வரலாறு என்று கருதப்பட்ட காலம் மலையேறிவிட்டது. ஒரு சமுதாயத்தின் செல்வத்தை ஆக்கியவர் யார், அது எவர் கையிற் சேர்ந்தது என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும். இவ்வினாவோடு நாம் அணுகவேண்டிய சான்றுகளுள் பண்டைய நாணயமும் ஒன்று. உரோமப் பேரரசுக்கு ஈடுகொடுத்து நின்ற பார்த்தியரின் வெள்ளி நாணயங்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

பார்த்தியர் தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைத்திலது. அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கிரேக்கரும், பகைவரான உரோமருமே. எனவே அவ்வரசு தன்னைப்பற்றித் தானே கூறியதை அறிய, நாணயங்களையே நாம் பெரிதும் நாடவேண்டியுள்ளது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து, காஸ்பியன் கடலுக்குக் கிழக்கேயிருந்த பர்னி என்னும் நாடோடிக் குலத்தார், அர்சாசிஸ் என்பவனின் தலைமையிற் பார்த்தியாவைக் கைப்பற்றினர். அலெக்சாந்தரின் தளபதி செலூக்கஸ் நிறுவிய கிரேக்கப் பேரரசு அப்போது தளர்ந்துகொண்டிருந்தது. கி.மு. 141இல் முதலாம் மித்திரடாட்டிஸ், தைகிரிஸ் நதிக்கரையிலிருந்த செலூசியா மாநகரையும் தனதாக்கினான். கிரேக்கர் செல்வாக்குடன் வாழ்ந்த வணிக நகர் அது.

அங்கு அவன் வெளியிட்ட பெரிய வெள்ளி நாணயங்களிலே, 'கிரேக்கரை நேசிப்பவன்' என்ற பட்டம் கிரேக்க மொழியிலேயே பொறிக்கப்பட்டது. வென்றவன் தோற்றவரின் மொழியிற் பேசியது ஏன்? இதனை வெறும் பெருந்தன்மை என்று கொள்வது பேதைமை. குதிரைவீரரைக்கொண்டு நகரை வெல்லலாம். அதன் வாணிபத்தை நடத்தல் இயலாது. வணிகன் நம்பி வாங்குவதற்கு, அவன் பழகிய எழுத்தும் பழகிய உருவும் காசில் இருக்கவேண்டியிருந்தது.

ஏறத்தாழ 4 கிராம் எடைகொண்ட திராக்மா என்னும் சிறுகாசுகளைப் பாருங்கள். முகப்பிலே மன்னன் தலை. பின்புறத்திலே வில்லேந்தி அமர்ந்திருக்கும் வீரன். செலூக்கர் காசுகளில் அப்பொல்லோ தெய்வம் அமர்ந்திருக்கும் கோலத்தை இது நினைவூட்டுகிறது. ஆயினும் இங்கு அமர்ந்திருப்பவன் நாடோடி உடை தரித்த வில்லாளி. மன்னர் பலரும் தத்தம் பெயரை விடுத்து 'அர்சாசிஸ்' என்ற முன்னோனின் பெயரையே பொறித்தனர். எந்தக் காசு எந்த மன்னனுடையது என்று துணிவது ஆய்வாளர்க்கு அரும்பாடாயிருப்பது இதனாலேதான்.

கி.மு. 53இல் கர்ரே போர்க்களத்தில் உரோமத் தளபதி கிராசஸின் படையைப் பார்த்தியர் முறியடித்தனர். அப்போது ஆண்ட இரண்டாம் ஒரோடிஸைப் பின்னர் அவன் மகன் நான்காம் பிராட்டிஸே கொன்றான், உடன்பிறந்தாரையும் கொன்றான். அவனுடைய நாணயங்களோ அவனை 'நன்மை செய்வோன்', 'நீதிமான்' என்று புகழ்கின்றன! ஆள்வோர் தமக்குத் தாமே சூட்டும் பட்டங்களை நாம் எவ்வாறு படிக்கவேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டுமோ?

காசு சொல்லாத செய்தியை மண்ணோடு சொல்கிறது. இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள நிசாவில், சோவியத் தொல்லியலாளர் 2,000க்கு மேற்பட்ட எழுத்துப் பொறித்த ஓடுகளைக் கண்டெடுத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை, திராட்சைத் தோட்டங்களிலிருந்து பண்டசாலைக்கு வந்துசேர்ந்த மதுவின் கணக்குகள். கொடியை வளர்த்துக் கனி பிழிந்த கைகளே அரசின் செல்வத்துக்கு அடித்தளம். அக்கைகளுக்குரியோர் எந்த வெள்ளிக் காசிலும் இடம்பெறவில்லை.

'நேசிக்கப்பட்ட' செலூசியாவும் என்றும் பணிந்திருக்கவில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அது கிளர்ந்தெழுந்து ஏழாண்டுகள் எதிர்த்து நின்றபின், கி.பி. 42இல் அடங்கியது. அந்நூற்றாண்டிலேயே, முதலாம் வொலொகேசிஸ் காலத்துத் திராக்மாக்களில் பார்த்திய மொழி எழுத்துக்கள் தலைகாட்டின. கிரேக்க எழுத்தோ படிப்படியாகச் சிதைந்து, பொருளற்ற கீறல்களாயிற்று. செலூசியாவின் பெருநாணயங்களில் வெள்ளி குறைந்து கலப்பு மிகுந்தது. மிச்சமான வெள்ளி அரசின் பெட்டகத்தில் தங்க, குறைந்த காசு குடிகளின் கைக்கு வந்தது. கி.பி. 224இல் சசானிய மரபின் முதல்வன் அர்தசீர், நான்காம் அர்தபானுஸைக் களத்தில் வீழ்த்தியதோடு பார்த்தியப் பேரரசு சரிந்தது.

அரும்பொருட்காட்சிச் சாலையில் இத்தகைய காசொன்றைக் காணும் மாணவர், மன்னன் யார், ஆண்டு எது என்பதோடு நின்றுவிடலாகாது. இது எவருடன் பேசிற்று? எவரை மறைத்தது? இதன் வெள்ளி எவர் உழைப்புக்கு ஈடாகக் கைமாறியது? இவ்வினாக்களைக் கேட்கப் பழக்குவதே வரலாறு கற்பிக்கும் நம் பணியாகும்.