நாணல் கொடுத்த பங்கு

கரணை எனும் தண்டுத் துண்டை நட்டே வளர்த்த கரும்புக்கு முளைக்கும் விதையும் உண்டு என்பது ஐயமின்றி நிரூபணமானது 1888-ல்தான். ஜாவாவிலும் பார்படோஸிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைக் கண்டார்கள். விதை உண்டென்றால் கலப்பினமும் சாத்தியம்.

வட இந்தியாவில் அப்போது பயிரானவை விரல் தடிமனான மெல்லிய கரும்புகள். தெற்கின் பருத்த கரும்புகள் அந்தக் குளிரைத் தாங்காது. வடக்கில் கரும்பு ஒழுங்காகப் பூப்பதுமில்லை, கோயம்புத்தூரில் பூக்கும். ஆகவே வடக்குக்கு வேண்டிய கரும்பை உருவாக்க 1912-ல் கோவையில் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். பொறுப்பு சி.ஏ. பார்பருக்கு; உடன் டி.எஸ். வெங்கட்ராமன்.

இருவரும் செய்தது துணிச்சலான காரியம். தாயாக ‘வெள்ளை’ என்ற பருத்த ரகம். மகரந்தம் கோவைப் பக்கத்து நாணலிலிருந்து. நாணலின் தண்டில் இனிப்பு பேருக்குத்தான்; ஆனால் வறட்சிக்கும் நோய்க்கும் அசராது. சர்க்கரைப் பயிரில் போய் இந்தப் புல்லைக் கலப்பதா என்று எந்தக் குடியானவரும் கேட்டிருப்பார். பூங்கதிரின் பஞ்சுக்குள் இருக்கும் விதை கடுகைவிடச் சிறியது. முளைக்கும் நாற்றுகளோ ஒன்றைப் போல் ஒன்று இராது. நல்லதாக ஒன்று தேறினால் போதும். பிறகு கரணை வைத்தே குணம் மாறாமல் பெருக்கிக்கொள்ளலாம். அப்படித் தேறியதுதான் கோ 205. 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போய், உள்ளூர் கரும்புகளை மகசூலில் தூக்கிச் சாப்பிட்டது.

ஏன் பலித்தது என்பது பிறகே விளங்கியது. வெள்ளைக்கு 80 குரோமோசோம். கோவை நாணலுக்கு 64. ஆளுக்குப் பாதி என்றால் பிள்ளைக்கு 72 வரவேண்டும். கோ 205-இல் இருப்பதோ 112. நாணல் தன் பாதியான 32-ஐத் தர, தாய் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது! 1920-களில் ஜாவாவில் ஆய்வாளர் ப்ரெமர் கண்டறிந்த விசித்திரம் இது. இனிப்பு முழுசாக நீர்த்துப்போகாமல் காத்தது இந்தத் தாராளம்தான். இப்படிப் பிறந்த பிள்ளையை மறுபடி பருத்த கரும்போடு சேர்த்தால் இனிப்பு இன்னும் கூடும், நாணலின் உரமும் கொஞ்சம் தங்கும். ஜாவாக்காரர்களின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 ரகமும் இந்த வழியில் வந்ததே.

1934-ல் கோவைக்கு வந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் இந்தக் கணக்குகளைத் தொடர்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்துகூடப் பார்த்தார். அறிவியலுக்கு லாபம்; ஆலைக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு. தொடக்கக் கலப்புகளுக்கு எடுத்த நாணல்கள் மிகச் சில. பின்னர் வந்த ரகங்கள் பெரும்பாலும் அவற்றின் வம்சமே. உத்தரப் பிரதேசத்தை அண்மையில் ஆண்ட கோ 0238 செவ்வழுகல் நோயில் தடுமாறியபோது, ஒரே ரகத்தை நம்பியதன் விலையும் தெரிந்தது. அருணாச்சலப் பிரதேசம் வரை போய்ச் சேகரித்த காட்டு நாணல்களை, புதிய கலப்புகளுக்காகக் கோவை நிலையம் இன்றும் வளர்த்துவருகிறது.