டயரும் வெப்பமும்

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீனும் பனிக்கட்டியும் ஏற்றிக்கொண்டு, கந்தளாய் வழியாக ஹபறணை நோக்கி விரையும் கெப் வாகனங்களை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றின் சாரதிகளிடம் டயர் விரைவில் கெடுவதேன் என வினவினால், பெரும்பாலும் வீதியையே குறை கூறுவர். கல்லும் குழியும் டயரைத் தின்கின்றன என்பது அவர்தம் கட்சி. அதில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. மேலுள்ள வரிப்பள்ளங்கள் இன்னும் ஆழம் குறையாதிருக்கும் டயர், நல்ல தார் வீதியில், நண்பகல் வேளையில் திடீரென வெடிக்கின்றதே, அதற்குக் கல் காரணமாகுமா?

சில்லு உருளும்போது நிலத்தைத் தொடும் பகுதி பாரத்தால் தட்டையாகி, நிலத்தை விட்டதும் பழைய வடிவுக்கு மீள்கின்றது. இவ்வாறு மடிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் இறப்பரின் உள்ளே சிறிது வெப்பம் பிறக்கின்றது. இறப்பரோ வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருள். ஆகவே பிறந்த வெப்பம் உள்ளேயே தங்குகின்றது. காற்றுக் குறைந்தாலும், பாரம் மிகுந்தாலும், வேகம் கூடினாலும் அவ்வெப்பம் பெருகும். டயரின் வரலாறு என்பது இவ்வெப்பத்தோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாறே எனலாம்.

விந்தை யாதெனில், பயன்படும் இறப்பர் பிறந்ததும் வெப்பத்தினாலேயே. வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் இறுகிய மரப்பாலை, கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கண்டார். காற்றடைத்த சில்லுக்கு 1845இல் ரொபேர்ட் தொம்சன் உரிமம் பெற்றார்; அது மறக்கப்பட்டுக் கிடந்து, 1888இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லொப் என்பவரால் மீண்டும் உயிர் பெற்றது. இடையில் 1876இல், பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, அக்கன்றுகளிற் பல நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. வெண்ணிறமாயிருந்த டயர் கருநிறமானது அழகுக்காக அன்று. கரித்தூளைக் கலந்தால் இறப்பரின் தேய்மானம் பன்மடங்கு குறையும் எனக் கண்டதே அதற்குக் காரணம்.

இனி 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் யப்பானியர் வசமாயின. நேச நாடுகள் பெற்றுவந்த இயற்கை இறப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கைநழுவியது. எஞ்சியவற்றுள் தலையாய களம் இலங்கையே. ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அக்குண்டுகளைப் பற்றி நம் ஊரில் இன்றும் பேசுகின்றார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் இறப்பர் மரங்களைப் பற்றிப் பேசுவார் அரியர்.

அம்மரங்கள் பட்டபாடு பெரிது. மரத்தின் நாளைய நலனைப் பாராது, இயன்ற மட்டும் பாலை வடித்தெடுக்கும் முறை கையாளப்பட்டது. மரங்களைக் கொல்லும் வெட்டு என்றே அதற்குப் பெயர் வழங்கியது. ஆண்டுக்குச் சுமார் 1 இலட்சம் தொன் இறப்பர் இத்தீவிலிருந்து கிடைத்தது. பால் வெட்டியவர்களுள் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரும் இருந்தனர். அத்தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை, போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பெருமளவில் ஆக்கத் தலைப்பட்டது. அங்கு 1942 டிசெம்பரில் நாடு முழுவதும் பெற்றோல் பங்கீடு வந்ததும், வேகம் மணிக்கு 35 மைலாக மட்டுப்படுத்தப்பட்டதும் பெற்றோல் பஞ்சத்தினால் அல்ல. பெரிதும் டயரைக் காப்பதற்கே. செயற்கை இறப்பர் சிறு கார்களுக்கு உதவியது. பாரலொறிகளின் தடித்த டயர்களில் மட்டும் அது இயற்கை இறப்பரை விட மிகுதியாகச் சூடேறிச் சிதைந்தது. எனவே பாரவண்டிகளுக்கு நம் மரத்தின் பால் இன்றியமையாததாயிற்று. பருத்தி இழைகளும் சூட்டில் வலிமை குன்றியமையால் அவற்றினிடத்தை ரேயோன் இழை பிடித்தது.

பின்னர் உருக்குக் கம்பிப் பட்டைகள் வந்தன. டயரின் ஆயுள் நீண்டது. ஆனாற் பழைய பகை ஒழியவில்லை. 2000 ஓகஸ்ட் 9ஆம் நாள் பயர்ஸ்ரோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 இலட்சம் டயர்களைத் திருப்பி அழைத்தது. அவை போர்ட் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர், ரேஞ்சர் முதலிய வாகனங்களிற் பூட்டப்பட்டவை. உருக்குப் பட்டைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, மேலோடு ஓட்டத்திலேயே கழன்றது. விபத்துகளில் அந்நாட்டில் மட்டும் 270க்கு மேற்பட்டோர் மாண்டனர். டெக்சாஸ், புளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களிலேயே கேடு மிகுந்திருந்தது. சவூதி அரேபியாவில் முந்திய ஆண்டிலேயே அறிகுறி தெரிந்திருந்தது. வாகனத்தார் டயரையும், டயர்க்காரர் வாகனத்தையும் குறித்த காற்றளவையும் பழித்தனர். ஆக்கத்திற் குறையுள்ள டயர், குறைந்த காற்றோடு கடும் வெயிலில் ஓடும்போது, குறை விரைந்து வெளிப்படுகின்றது.

நம் வீதிகளிற் காணும் வழக்கம் ஒன்று உண்டு. நீண்ட தூரம் ஓடிவந்த சாரதி, சூடேறிய டயரில் காற்று மிகுந்திருப்பதாகக் கண்டு, அதிற் சிறிது திறந்துவிடுகிறார். சூட்டினால் காற்றின் அமுக்கம் உயர்வது இயல்பு. வாகனம் செய்தோர் குறிக்கும் அளவு, ஓட்டத்துக்கு முன் டயர் குளிர்ந்திருக்கும் நிலைக்குரியது. திறந்துவிட்ட டயர் இரவில் ஆறியதும் உரிய அளவுக்குக் கீழே நிற்கின்றது. அடுத்த நாள் விடியற்காலை அதே டயரின்மேல் மீன்பெட்டிகள் ஏற்றப்படுகின்றன. அதன் இரு ஓரங்களும் அழுந்தித் தேய, நடுப்பகுதி புதிதுபோலவே இருக்கின்றது.