கத்தி இல்லை, கேதீட்டர் இல்லை: இதயத்துடிப்புக்குக் கதிர்வீச்சு வந்த கதை

1/ "இதயப் படபடப்புக்கு ஆப்பரேஷன் வேண்டாம், கதிர் பாய்ச்சினாலே போதுமாமே, உண்மையா டாக்டர்?" ஓபியில் இப்படிக் கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிதான் முக்கியம். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதலில் நோய். மாரடைப்பில் பிழைத்தவரின் இதயத் தசையில் தழும்பு விழும். சாதாரணமாக நேராக ஓடும் மின்னோட்டம், சிலருக்கு அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழி போட ஆரம்பிக்கும். கீழறை நிமிடத்துக்கு 150, 200 தடவை துடிக்கும். ரத்தம் சரியாக வெளியேறாது. மயக்கம் வரும், திடீர் மரணமும் வரலாம். இதன் பெயர் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, சுருக்கமாக 'விடி'.

3/ 1966-ல் இஸ்ரேலில் மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரின் மூத்த மருத்துவர் ஹாரி ஹெல்லர் இந்த நோயால் இறந்துபோனார். நெஞ்சுக்குள்ளேயே வைக்கும் ஷாக் கருவி ஒன்று இருந்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி யோசித்தார். பலர் கேலி செய்தார்கள். 1980 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் கருவி பொருத்தப்பட்டது. இன்று அதை ஐசிடி என்கிறோம்.

4/ ஐசிடி உயிரைக் காப்பாற்றும், ஆனா சுழியை நிறுத்தாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் உதைத்த மாதிரி ஷாக் விழும். அடுத்தது எப்போ வருமோ என்ற பயத்திலேயே தூக்கம் போனவர்கள் உண்டு.

5/ 1980-களில் அடுத்த படி வந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் கேதீட்டர் விட்டு, சுழி போடும் இடத்தைச் சூட்டால் பொசுக்குவது. நல்ல சிகிச்சை, இன்றும் இதுதான் பிரதானம். ஆனா பல மணி நேரம் ஆகலாம். தழும்பு தசையின் ஆழத்தில் இருந்தால் சூடு எட்டாது. ரொம்பத் தளர்ந்த இதயம் தாங்காது.

6/ இங்கேதான் கதிர்வீச்சு உள்ளே வருது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-லேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1951-ல் வேறொரு யோசனை சொன்னார். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பினால், வழியில் சேதம் குறைவு. எல்லாம் கூடும் ஒரே புள்ளியில் மட்டும் வலு அதிகம். மூளைக்காகச் சொன்ன யோசனை அது. அவரிடம் பயின்ற ஜான் ஆட்லர், ஸ்டான்ஃபோர்டில் சைபர்நைஃப் என்ற ரோபோ கருவியை உருவாக்கினார்.

7/ மூளை அசையாது. இதயம் துடிக்கும், மூச்சோடு நகரும். அதனால் பல வருடம் யாரும் நெருங்கவில்லை. 2012-ல் ஸ்டான்ஃபோர்டில்தான் முதன்முதலாக ஒரு விடி நோயாளிக்கு இதைச் செய்தார்கள்.

8/ பெரிய திருப்பம் 2017. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குக்குலிச், ராபின்சன் இருவரின் குழு 5 நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. நெஞ்சைச் சுற்றி 256 மின்முனைகள் வைத்து, சிடி ஸ்கேனோடு சேர்த்து, சுழி இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரே தடவை 25 கிரே கதிர். சராசரியாக 14 நிமிடம்.

9/ சிகிச்சைக்கு முந்தைய 3 மாதத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்து 6,577 தடவை விடி. முதல் 6 வாரம் கழிந்தபின் கண்காணித்த காலம் முழுக்க வெறும் 4. ஆனா ஐவரில் ஒருவர் மூன்றாவது வாரத்தில் பக்கவாதத்தால் இறந்தார். அதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

10/ ஒரு புதிர். கதிரால் புதுத் தழும்பு உருவாக மாதங்கள் ஆகும். துடிப்போ சில வாரங்களிலேயே அடங்கியது. எப்படி? அதே பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வு சொன்ன பதில்: கதிர் தசையைப் பொசுக்கவில்லை. செல்களின் சோடியம் வாயில்களைக் கூட்டி, மின்னோட்டத்தை வேகப்படுத்துகிறது. மந்தமாக ஓடினால்தான் சுழி.

11/ இப்போ மீதிப் பாதி. இது எல்லாப் படபடப்புக்குமான சிகிச்சை இல்லீங்க. மாத்திரை, ஐசிடி, கேதீட்டர் எல்லாம் பார்த்தும் அடங்காத விடிக்கு மட்டும். நுரையீரல், உணவுக்குழாய், இரைப்பை பக்கத்திலேயே இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு வரலாம். கேதீட்டரோடு ஒப்பிடும் ஆய்வுகள் இன்னும் நடக்குது. செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க.

12/ கடைசியா ஒண்ணு. உத்தரகோசமங்கை ஆருத்ரா கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் "விரத மயக்கம்" என்று தண்ணி தெளித்து, சோடா கொடுத்து அனுப்பிவிடுவோம். அவருக்கு முன்னாடி மாரடைப்பு வந்திருக்கா என்று ஒரு கேள்வி கேளுங்க. ஆமாம் என்றால் உடனே 108. அந்த நேரத்து ஈசிஜி ஒன்றுதான் மேலே சொன்ன எல்லா சிகிச்சைக்கும் முதல் வாசல்.

பகிருங்கள்.