குடாநாட்டு வீதிகளும் துவிச்சக்கர வண்டியும்

சரித்திரம் என்றவுடன் மன்னர்களையும், அவர்தம் போர்களையும், கோட்டைகளையுமே நாம் நினைவுகூருகின்றோம். மக்கள் எவ்வழியாற் சென்றனர், எதன்மீது ஏறிச் சென்றனர், இடர் வந்துற்ற காலத்து எதனைக் கையிற் பற்றிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டனர் என்று ஆராய்வார் சிலரே. இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் பலரின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய சைக்கிள் சாத்தப்பட்டிருக்கும். அதுவும் ஒரு சரித்திரச் சான்று என்பதே இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவது.

நிலமும் காற்றும்

மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் இங்கிலாந்து நாட்டுப்புற வீதிகளிற் சைக்கிள் யாத்திரை செய்தோரின் கதைகளை ஆங்கில நூல்களிற் படித்து வியந்ததுண்டு. நமது குடாநாட்டிலோ மேடென்று சொல்லத்தக்கது அரிது. கீரிமலை பெயரளவில் மலை. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகளே கண்ணுக்குக் குன்றாகத் தோன்றுவன. அவற்றிற் சில்லு ஏறாது, புதையும். சுண்ணக்கற்பாறைமீது பரந்த சமதரையாதலின், நமக்கு ஏற்றமும் இறக்கமுமாய் நிற்பது காற்றே. வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். காற்றின் திசையறியாது வண்டியை எடுப்பவன் நெஞ்சு நோக மிதிக்க வேண்டியதே.

வீதிகளும் வண்டியும்

நல்லூரில் அரசு வீற்றிருந்த காலத்தை நினைவூட்டுவதுபோல, ‘இராச வீதி’ என்னும் பெயர் இன்றும் வலிகாமத்தில் வழங்குகின்றது. நவக்கிரியில் வற்றாத நிலாவரைக் கிணறும், பருத்தித்துறையில் தெருவையே உள்ளடக்கிக் கல்லாற் கட்டிய தெருமூடிமடமும், ஊர்தோறும் நின்ற சுமைதாங்கிகளும் கால்நடையாகச் சென்ற வழிப்போக்கருக்கு உதவியவை. ஆங்கிலேயர் ஆட்சியில், 1829 இல் வடபகுதி அரசாங்க அதிபராகி 1867 இல் இறக்கும் வரை பெரும்பாலும் இங்கேயே பணிபுரிந்த டைக் துரை காலத்தில் வீதிகள் திருத்தமுற்றன. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடியது. 1905 இல் அப்பாதை தென்னிலங்கையோடு இணைந்தது.

மேலைத் தேசத்தில் 1885 இல் ஸ்ராலி என்பவர் இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரேயளவாக அமைந்த வண்டியைச் செய்தார். 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரை ஆக்கினார். அந்த ரயருக்கு வேண்டிய றப்பர் மரம் 1876 இலேயே நமது இலங்கையின் கெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் றலியும், பின்னாளில் லுமாலாவும் யாழ்ப்பாணத்துக் குடும்ப உறுப்பினர்கள் போலாயின. ஆசிரியர் பாடசாலைக்கும், கமக்காரர் வெங்காயப் பிடிகளோடு சந்தைக்கும், மீன்காரர் ஒழுங்கைகளுக்குள்ளும் அதிலேயே சென்றனர். தந்தை மிதிக்க, முன் பாரிற் பிள்ளையும் பின் கரியரில் தாயும் அமர்ந்து கோயிலுக்குச் செல்லும் காட்சி, நம்மூரில் யாவரும் கண்டதே. சமதரையும், கிட்டக்கிட்ட அமைந்த ஊர்களும், குறுகிய ஒழுங்கைகளும் இவ்வண்டிக்கென்றே அமைந்தாற் போல்வன.

நாம் சென்ற வழி

2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பல்கலைக்கழக விடுமுறையில், நண்பர் நால்வர் குடாநாட்டின் கரையைச் சுற்றிவரப் புறப்பட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தை விட்டு, மானிப்பாய் வழியாக, 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவிய வட்டுக்கோட்டையை அடைந்தோம். பொன்னாலையிற் காரைநகர்த் தாம்போதியைக் கண்டு, வடக்கே திரும்பி மாதகல், சேந்தாங்குளம் வழியாகக் கீரிமலை சேர்ந்தோம். கடலுக்கு அருகே ஊறும் அந்த நன்னீரில் முகங்கழுவியபோது களைப்புத் தீர்ந்தது.

முன்னாளிற் பொன்னாலை தொடக்கம் பருத்தித்துறை வரை கரையோரமாகவே வண்டி விடலாம் என்பர் முதியோர். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் அவ்வழி அறுந்தது. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் அவ்வாண்டில் ஓய்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் மக்களிடம் மீண்டது. வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்பிரலிலேதான் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் தன் பாட்டனார் ஊரின் வீதியை மிதித்தறியாமலே வளர்ந்துவிட்டது. நாம் உள்வீதிகளால் அச்சுவேலி சென்று, தொண்டைமானாற்றிற் சந்நிதி முருகனை வணங்கி, வல்வெட்டித்துறை வழியே பருத்தித்துறையை அடைந்தோம். அதுவரை சோளகம் முதுகிற் கைவைத்துத் தள்ளியது. திரும்பும்போது வல்லை வெளியில் அதே காற்று மார்பிற் கைவைத்து மறித்தது. அன்று சென்ற வழி ஏறத்தாழ 90 கிலோமீற்றர்.

பூட்டப்படாத மட்காட்

வல்லையைத் தாண்டிப் புத்தூரில் நண்பரொருவரின் பாட்டனார் வீட்டில் இளைப்பாறினோம். சுவரோரம் ஒரு பழைய றலி நின்றது. மற்றெல்லாம் ஒழுங்காயிருக்க, இரண்டு மட்காட்டும் இல்லை. “அப்பப்பா, இது ஏன் இப்பிடி நிக்குது?” என்று நண்பர் வினவினார்.

“கொம்படியாலை போகேக்கை கழட்டினது, தம்பி. சேறு அடைச்சால் சில்லு உருளாது. பிறகு பூட்ட மனம் வரேல்லை,” என்றார் முதியவர்.

கொம்படி – ஊரியான் பாதையை நாம் பெயரளவிலேயே கேட்டிருந்தோம். 1990 இல் ஆனையிறவுப் பாதை அடைபட்டபின், வன்னிக்குச் செல்லச் சனங்கள் உப்பங்கழியின் நீரிலும் சேற்றிலும் இறங்கிக் கடந்த வழி அது. மகனைக் கொழும்பிற் படிக்க அனுப்புவதற்காக வவுனியா வரை கொண்டுசென்ற அவர், உருட்ட முடிந்த இடத்தில் வண்டியை உருட்டியும், முடியாத இடத்தில் தோளிற் சுமந்தும் சென்றாராம். பின்னர் கிளாலிக் கடல்நீரேரியிற் படகேறிச் செல்லும் வழி வந்தது. 1993 சனவரி 2 இரவு அவ்வழியிற் சென்ற பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஆயினும் வேறு வழியின்மையாற் பயணம் நிற்கவில்லை.

அக்காலத்திற் பெற்றோலுக்குத் தடை, மின்சாரமும் இல்லை, வானொலிக்கு மின்கலமும் இல்லை. மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயிற் புகைகக்கி ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையாற் பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். நோயாளரையும் விறகையும் அரிசியையும் அதே வண்டி சுமந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் பெயர்ந்தபோது, மழையில், ஏற இடமின்றி, மூட்டைகள் தொங்கிய சைக்கிள்களை உருட்டியே சென்றனர். ஒரு மணித்தியாலத்தில் மிதித்துக் கடக்கும் தூரத்துக்கு ஓரிரவும் மறுநாட் பகலும் சென்றன.

“மற்றக் கதையைப் பிறகு ஒருநாள் வாருங்கோ, சொல்லுறன்,” என்று அம்முதியவர் நம்மை வழியனுப்பினார். நாமும் படிப்பு, பரீட்சை என்று காலங்கடத்தினோம். தை மாதத்திற் குறிப்புப் புத்தகத்தோடு சென்றபோது றலி அதே சுவரோரம் நின்றது. அவர் மார்கழியிற் காலமாகிவிட்டார். வவுனியாவிலிருந்து எவ்வாறு திரும்பினார் என்பதை அவர்தம் மக்களும் அறியார். ஒருவரும் கேட்டதில்லையாம்.

நாம் செய்யவேண்டியது

2022 இல் எரிபொருள் கிடையாதபோது, பரணிற் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. அப்போதுதான் அதன் அருமையை உணர்ந்தோம்; எரிபொருள் வந்ததும் மறந்தோம். இன்று நம் வீதிகள் அகன்று செப்பனிடப்பட்டுள்ளன. ஆயினும் மோட்டார் வேகத்துக்கு அஞ்சிப் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். ஓரத்தில் ஒரு முழ அகலமாவது மிதிப்போருக்கென ஒதுக்கி, நிழல் மரங்களைத் தறியாது விடும்படி வேண்டுவது பேராசையன்று.

அதனினும் அவசரமானது ஒன்றுண்டு. கோட்டைக் கல் இன்னும் நூறாண்டு நிற்கும். முதியவர் நினைவு அவ்வாறு நில்லாது. வாலிப அன்பர்களே! அடுத்த விடுமுறையில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு புறப்படுங்கள். கரைவழியும் செல்லுங்கள், ஒழுங்கைவழியும் செல்லுங்கள். செல்லும் ஊர்தோறும் ஒரு படலையைத் தட்டி, பழைய சைக்கிளைக் காட்டி, “இது எங்கெங்கே போய் வந்தது?” என்று கேளுங்கள். கேட்டதை அன்றிரவே எழுதிவையுங்கள். பிறகு வருவோம் என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.