பட்டிப்பூ இலையின் சோதனை

நீர் வார்ப்பாரின்றியும் வளவு மூலைகளில் பூத்து நிற்கும் பட்டிப்பூவை நேயர்கள் அறிவர். நித்தியகல்யாணி என்பதும் இதுவே. தமிழகத்தில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயருண்டு. கேட்க மங்கலமான பெயரன்று. மடகாசுகர்த் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி வெப்பநாடுகள் பலவற்றிலும் பரவி, ஆங்காங்கு நாட்டு வைத்தியத்திலும் இடம்பெற்றது.

யமேக்காத் தீவினர் இதன் இலையைக் கொதிக்கவைத்து, சலரோகம் என்னும் நீரிழிவுக்குக் குடித்துவந்தனர். 1952ஆம் ஆண்டில் அத்தீவிலிருந்து 25 இலைகள் ஒரு கடித உறையில் கனடாவுக்கு வந்தன. பெற்றவர் கிளார்க் நோபிள் என்னும் வைத்தியர். நீரிழிவோடு இவருக்குப் பழைய தொடர்பொன்று உண்டு. 1921இல் இன்சுலின் ஆராய்ச்சியில் பாண்டிங்குக்கு முதலில் துணைபுரிவது யார் என்று நாணயம் சுண்டியபோது, அவ்வாய்ப்பு இவரை விட்டுப் பெஸ்ட் என்பவரிடம் சென்றது. அவர் இவ்விலைகளை, ஒன்டாரியோ மாகாணத்து இலண்டன் நகரின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம்பி இராபர்ட் நோபிளிடம் சேர்ப்பித்தார்.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி புகட்டினர். இரத்தத்தின் சர்க்கரை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால், பயனற்றது என்ற ஒரு வரியோடு காரியம் முடிந்திருக்கும். அவர்களோ சாற்றை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தனர். ஏறக்குறைய ஒரு வாரத்துள் எலிகள் மாண்டன. உடலினுள்ளே பல சீழ்க்கட்டிகள் இருந்தன. நஞ்சென்று ஒதுக்கிவிட இதனினும் வேறு காரணம் வேண்டுமோ? ஆனால் கொன்றது சாறா, கிருமியா என்று அவர்கள் ஆராயப் புகுந்தனர். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகக் குறைந்திருந்தன. அவை பிறக்கும் என்புமச்சையும் நலிந்திருந்தது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் நோயே இரத்தப் புற்றுநோய். அந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோர் அக்காலத்தில் பெரும்பாலும் நாட்களை எண்ணியே இருந்தனர்.

1954இல் சார்ல்ஸ் பியர் என்னும் இரசாயன அறிஞர் வந்துசேர்ந்தார். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது. ஒவ்வொன்றையும் எலிக்குச் செலுத்தி வெள்ளணுக்களை எண்ணுவது. எண்ணிக்கையைக் குறைத்த பகுதியை மட்டும் எடுத்து மீண்டும் பிரிப்பது. சலிப்பூட்டும் வேலைதான், எனினும் இலைச்சோதனையின் உயிர்நிலை இதுவே. இவ்வாறு பிரித்தெடுத்த பொருளை 1958இல் வெளியிட்டனர். வின்பிளாஸ்டின் என்பது அதன் இன்றைய பெயர். அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தாரும் அதே செடியைத் தனியே சோதித்துவந்தனர். அவர்கள் பிரித்த வின்கிறிஸ்டின் 1963இல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. கலம் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய நுண்ணிழைகள் அமையாதவாறு இவை தடுக்கின்றன. வேறு மருந்துகளுடன் சேர்த்து வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

யமேக்கா மக்கள் சொன்ன குணத்தை அந்த எலிச்சோதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அவர்கள் சொல்லியிராவிடில் அந்த உறை கனடாவுக்கு வந்திராது. மற்றொன்றும் கூறவேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர். வளவிலுள்ள இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்போருக்கு அம்மருந்து கிடைக்கப்போவதில்லை. செடியின் நஞ்சு மட்டும் உடலிற் சேரும்.