மூல ஏடாக ஒரு மெய்நிகர் கணினி: லினக்ஸில் பழைய விண்டோஸும் ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகளும்

லினக்ஸ் கணினிக்குள் விண்டோஸ் 98-ஐயோ எக்ஸ்பியையோ மெய்நிகர் கணினியாக ஓட்டுவதைப் பலரும் பொழுதுபோக்காகவே கருதுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை அதற்கு வேறொரு பயன் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். 1990-களிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும் கணினியில் அச்சுக்கோத்த நூல்களும் மலர்களும் பெரும்பாலும் ஒருங்குறிக்கு வெளியே பிறந்தவை. அவற்றை இன்றைய குறியாக்கத்துக்கு மாற்றும்போது, மாறியது சரிதானா என்று ஒப்புநோக்க ஒரு மூலம் வேண்டும். பழைய இயங்குதளம் ஓடும் மெய்நிகர் கணினியே அந்த மூலத்தைக் கண்முன் காட்ட வல்லது.

ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே (1991) தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் லதா எழுத்துருவோடு அது விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000-இல்தான். இடைப்பட்ட காலத்தை நிறுவனத்துக்கு ஒன்றாக எழுந்த குறியாக்கங்கள் நிரப்பின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. இணையத்தில் திஸ்கி பரவியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி வேரூன்றியது. ஒருங்குறியும் டேஸ் 16-உம் தமிழக அரசின் தரங்களானது 2010-இல். பாமினியில் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை நெருங்கிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அதில் பதிவாகியிருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகளே. எம்மை ‘அ’வாகவும், கேயை ‘ம’வாகவும், அரைப்புள்ளியை மெய்யின் புள்ளியாகவும், ஹெச்சைத் துணைக்காலாகவும் காட்டுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லையென்றால், சென்னையில் கோத்த கோப்பு செகந்திராபாத்தில் திறக்கும்போது தமிழாகவே இராது.

மெய்நிகர் கணினியின் வரலாற்றிலும் பழையதைக் கைவிடாத தேவைக்கு இடமுண்டு. ஐபிஎம் 1972-இல் அறிவித்த விஎம்/370, ஒரே பெருங்கணினியில் பழைய இயங்குதளத்தையும் புதியதையும் அருகருகே ஓட்ட வழிசெய்தது. அத்தகைய ஏற்பாட்டுக்கு ஒரு கணினியின் ஆணைத்தொகுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதை 1974-இல் போபெக்கும் கோல்ட்பர்க்கும் வரையறுத்தார்கள். மேசைக்கணினிகளின் எக்ஸ்86 பிராசசர் அந்த வரையறைக்கு உட்படவில்லை. 1999-இல் விஎம்வேர் இந்தத் தடையை மென்பொருள் உத்தியால் தாண்டியது. 2005-இல் இன்டெல் பிராசசரிலேயே அதற்கான வசதியைச் சேர்த்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கருவில், அந்த வசதியைப் பயன்படுத்தும் கேவிஎம் இணைந்தது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-இல் தொடங்கிய கணினிப் பாவனை மென்பொருளான கியூஎம்யூ, 1996-இல் வந்த இன்டெல் 440எஃப்எக்ஸ் சிப்செட்டை இன்றும் அப்படியே பாவனை செய்கிறது. நேற்று வாங்கிய மடிக்கணினிக்குள் எக்ஸ்பி தனக்குப் பழக்கமான ஐடிஇ டிஸ்க்கைக் காண்பது இதனால்தான். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியபோது, அதைக் குடியமர்த்தும் வீடு லினக்ஸில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

குறியாக்க மாற்றிகள் இருக்க இத்தனை பாடு ஏன் என்று கேட்கலாம். பழைய குறியாக்கங்கள் பலவற்றில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கிறது. ஒருங்குறியில் ககரமே முந்தும். இந்த இடமாற்றத்தை மாற்றிகள் நன்றாகவே செய்கின்றன. தடுமாறுவது கலப்பில்தான். பாமினிப் பத்தியின் நடுவே வேறு எழுத்துருவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால், வெறும் உரையாக எடுத்த கோப்பில் எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்தறிய வழியில்லை. பக்க அமைப்பும் உரையில் தங்குவதில்லை. பக்கங்களை அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் கோத்த நூலின் பக்க எண்ணைக் கொண்டு மேற்கோள் காட்டும் ஆய்வாளருக்கு அந்தப் பக்கமே சான்று. லினக்ஸில் ஒயின் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. ஒயின் விண்டோஸ் நிரலின் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியவைக்கிறது; சாதன இயக்கியையோ டாங்கிள் பூட்டையோ நம்பிய மென்பொருளுக்கு அது பெரும்பாலும் போதாது.

பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் விடக்கூடாது. ஆனால் மெய்நிகர் கணினிக்கு நெட்வொர்க் கார்டே கொடுக்காமல் விடலாம். கோப்புகளை ஐஎஸ்ஓ வட்டாக்கி உள்ளே தரலாம். வேலை முடிந்ததும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பலாம். உரிமம்தான் தீராத முடிச்சு: கணினியோடு சேர்ந்து விற்ற விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடு கட்டுண்டது.

மூலம் கைக்கு வந்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஔகாரக் குறியின் பிற்பாதியும் ளகரமும் ஒரே வடிவாக இருந்த எழுத்துருக்களில் ‘கௌ’வும் ‘கெள’வும் பழைய திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளில் மெய்யா, உயிர்மெய்யா என்பதை இடம்நோக்கி முடிவுசெய்தவர் பதிப்பாசிரியர். இங்கும் அப்படித்தான்: மெய்நிகர் கணினி ஏட்டை விரித்து வைக்கும், பாடத்தைத் தீர்மானிப்பது தமிழறிந்தவரின் வேலை. ஆகவே ஒருங்குறிக்கு மாற்றியபின் பழைய கோப்பையும் அதன் எழுத்துருவையும் தூக்கி எறிவது, அச்சு நூல் வந்துவிட்டதென்று சுவடியை ஆற்றில் விடுவதற்கு ஒப்பாகும்.